எந்தப் புளோக்?

தமிழில் 'பிளாக்' என்று எழுதிவிட்டு, அது என்ன என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கறுப்பு நிறமா, அடுக்குமாடிக் கட்டடமா, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் வலைப்பதிவா என்று எழுத்தை மட்டும் வைத்து அவரால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அவை மூன்று தனிச் சொற்கள். ஒன்றில் உயிரொலி வேறு, இன்னொன்றில் ஈற்றொலி வேறு. தமிழ் எழுத்துக்கு வந்ததும் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. 'பிளாக்கில் டிக்கெட் வாங்கினேன்' என்றால் கள்ளச்சந்தை. 'பிளாக்கில் எழுதினேன்' என்றால் வலைப்பதிவு. 'பிளாக்கில் தண்ணீர் வரவில்லை' என்றால் குடியிருப்பு. இடம் பார்த்துப் பொருள்கொள்ளும் பழக்கம் நமக்கு நெடுங்காலமாக இருப்பதால் பிழைத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் மூன்றில் ஒன்றை மட்டும் இந்தக் குழப்பத்திலிருந்து மீட்டுவிட்டார்கள். இங்கே கட்டடத்தின் பெயர் 'புளோக்'. இங்குள்ள நாளிதழான தமிழ் முரசு அப்படித்தான் அச்சிடுகிறது. கோயில் அறிவிப்புப் பலகையிலும் துக்கச் செய்தியிலும் அதே எழுத்துகள்தான். மலாயிலும் இந்தச் சொல்லுக்கு ஏறத்தாழ இதே ஓசை. தமிழ்நாட்டில் நாம் ஆங்கிலத்தின் ஒகரத்தைக் கண்டால் ஆகாரமாக்கிவிடுவோம்: ஆபீஸ், டாக்டர், காபி. இங்கே அது ஓகாரமாகவே நிற்கிறது. முகவரி எழுதச் சொன்னால் போதும், எழுதுபவர் இந்தத் தீவுக்கு வந்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். 'பிளாக்' என்று எழுதினால் அண்மையில் வந்தவர். 'புளோக்' என்று எழுதினால் இங்கேயே பிறந்தவர், அல்லது இனி எங்கும் போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர். நான் இரண்டாம் வகைக்கு எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியாது.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் பெரியது. வேர் மட்டும் எளியது. இடைக்கால டச்சு மொழியில் வெட்டிப்போட்ட அடிமரத்துக்கு இந்தப் பெயர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இரண்டு திசையில் பிரிந்தது. மரத்துண்டு கனமானது, ஒரே உருப்படியானது. ஆகவே கல்லோ, பனிக்கட்டியோ, வீடுகளோ, விடுப்பு நாள்களோ ஒன்றாகத் திரண்டு நின்றால் அது ஒரு பிளாக். அதே மரத்துண்டு வழியில் குறுக்கே கிடந்தால் அப்பால் போக முடியாது. ஆகவே தடுப்பதும் பிளாக். மற்றப் பொருள்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

தமிழருக்கு இந்தப் பயணம் வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம்முடைய 'கட்டை' இதே சாலையில் நடந்து போயிருக்கிறது. காரியம் கெடுப்பவர் போடுவது முட்டுக்கட்டை. துணியில் பூப்போடுவது அச்சுக்கட்டை. ஆங்கிலேயத் தொப்பிக்காரர்கள் தொப்பிக்கு வடிவம் கொடுக்க வைத்திருந்த மரத்தலையின் பெயர் பதினாறாம் நூற்றாண்டில் முட்டாளுக்கான வசையாக மாறியது. நாமோ யாரையும் கேட்காமல் 'மரமண்டை' என்று வைத்துக்கொண்டோம். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் உருவத்தை அரித்தெடுத்து மரக்கட்டையின் மேல் பொருத்துவார்கள். அச்சகத்தார் அதைப் 'பிளாக்' என்றார்கள். ஒரு பத்திரிகை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அதன் பிளாக்குகள் அச்சக அலமாரியில் கிடக்கும். இன்னொரு பத்திரிகையில் அதே படம் வேறு தலைவரின் பிறந்தநாள் மலருக்கு அலங்காரமாக வரும்.

கட்டைக்கு மலாயாவில் இன்னொரு வேலையும் இருந்தது. சாலையோரத்து மைல்கல்லை அந்தக் காலத் தமிழர்கள் 'கட்டை' என்றார்கள். 'ஐந்தாங்கட்டையில் இருக்கிறார்' என்றால் நகரத்திலிருந்து ஐந்தாவது மைலில் குடியிருக்கிறார் என்று பொருள். இலங்கைத் தமிழரிடமும் இந்த வழக்கு உண்டு. தோட்டங்களும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களும் நிறைந்திருந்த நாட்டில் வீட்டு எண் யாருக்குத் தெரியும்? கட்டைதான் முகவரி. ஆகவே இந்த வட்டாரத்துத் தமிழர்கள் கட்டைக் கணக்கிலிருந்து புளோக் கணக்குக்கு வந்தவர்கள். வேர் வரைக்கும் தோண்டிப் பார்த்தால் இரண்டும் மரத்துண்டுதான். மொழி ஆய்வாளர் யாரும் இதை ஒரு கண்டுபிடிப்பாக ஏற்கமாட்டார், தற்செயல் என்பார். இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் வளர்ந்த ஊரும் பிளாக்குகளால் ஆனதுதான். நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு திட்டமிட்டுக் கட்டிய நகரியம் அது. ஆங்கிலத்தில் அதன் பகுதிகளுக்குப் பிளாக் என்று பெயர், எண் உண்டு. தமிழில் அதை 'வட்டம்' என்று எழுதுவார்கள். பெயர் வட்டம், வடிவம் நீள்சதுரம். 'எந்த வட்டம்?' என்று கேட்டுத்தான் பள்ளியில் நட்பு தொடங்கும். நான்கு சாலைகளுக்குள் அடங்கிய அந்தப் பரப்பில் தரைவீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தோட்டம், தோட்டத்தில் பலாவோ முந்திரியோ. அங்கே பிளாக் என்பது தரையின் பெயர். வானத்தை நோக்கி எழும் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் தந்தைக்கு அது தரைக்கும் கீழே இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்குப் பிளாக் என்றால் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த கனிமப் பகுதி. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிப் பிளாக்குகளின் ஒதுக்கீட்டை ரத்து செய்தபோது செய்தியில் அடிபட்டவையும் அந்த வகைதான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கிராமப்புறம். 1952 அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டைப் பிளாக் பிளாக்காகப் பிரித்தது. தமிழில் அது ஒன்றியம் ஆனது, வட்டாரம் ஆனது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்று பெயர்ப்பலகையில் இருக்கும். மனு கொடுக்கப் போகிறவர் அவரை 'பிடிஓ' என்றுதான் சொல்வார். சென்னை அண்ணா நகரில் ஆங்கில எழுத்துகளைத் தலையில் சூடிய பிளாக்குகள் உண்டு; அங்கே அது தெருக்களின் தொகுப்பு. இத்தனை பொருளுடன் நான் விமானம் ஏறினேன். இறங்கிய இடத்தில் அந்தச் சொல் வேறு எதையோ குறித்தது.

சிங்கப்பூரில் புளோக் என்றால் ஒரு தனிக் கட்டடம். பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது. கழகம் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் குவீன்ஸ்டவுனில் ஸ்டெர்லிங் சாலையின் 45, 48, 49 ஆகிய மூன்று புளோக்குகள் முடிந்தன. மறு ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த நெருப்புக்குப் பிறகு புளோக்குகள் எழுந்த வேகத்தைப் பற்றி இங்குள்ள முதியவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். கூரையும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தது என்பார் ஒருவர். கோழி வளர்க்க முடியாமல் போயிற்று என்பார் மற்றவர். இருவரும் ஒரே புளோக்கில் இருப்பார்கள்.

இன்று நாட்டில் வசிப்போரில் பத்துக்கு எட்டுப் பேர் வாக்கில் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். எனவே 'எந்தப் புளோக்?' என்ற கேள்வி இங்கே ஊர், தெரு, வீடு மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் கேள்வி. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது புதிதாக ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் மூத்த பெண்கள் தயங்குவதே இல்லை. 'இந்தப் புளோக்தானா தம்பி? எத்தனையாவது மாடி?' பெயர் பிறகு. சொந்த ஊர் அதற்கும் பிறகு. நெய்வேலியில் வட்டத்துக்குப் பிறகு கேட்கப்படுவது அப்பாவுக்கு எந்தப் பிரிவில் வேலை என்பது, இங்கே மாடி. இரண்டுமே கொஞ்சம் அந்தஸ்தை அளக்கும் கேள்விகள்தான். உயரமான மாடிக்கு விலை கூடுதல் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

எண்களுக்கும் ஒரு முறை உண்டு. அங் மோ கியோ போன்ற நகரங்களில் புளோக் எண்ணின் முதல் இலக்கம் அது எந்த அக்கம்பக்கத்தில், அதாவது நகரத்தின் எந்த உட்பிரிவில், இருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டில் தொடங்கினால் இரண்டாம் அக்கம்பக்கம், நான்கில் தொடங்கினால் நான்காவது. டாக்சி ஓட்டுநர்கள் இதை வைத்தே திசை பிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கைப்பேசி பார்த்துக்கொள்கிறது. வடிவத்துக்கும் பெயர் உண்டு. நீளமாகப் படுத்துக்கிடப்பது ஒரு வகை. மாடிதோறும் ஒரே நடைவழி, அதில் எல்லார் வாசலும். ஒற்றையாக உயர்ந்து நிற்பது இன்னொரு வகை. மாடிக்குப் பெரும்பாலும் நான்கே வீடு. முதல் வகையில் பக்கத்து வீட்டுக் குழம்பின் மணத்தை வைத்து அன்று என்ன கிழமை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதில் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதே தெரியாது. எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். என் மனைவிக்கு இரண்டாவது. நாங்கள் இருப்பது இரண்டாவதில்.

சில எண்கள் தாமாகவே புகழ்பெற்றவை. தோ பாயோவின் 53ஆம் புளோக் ஆங்கில ஒய் எழுத்தின் வடிவத்தில் இருக்கும். உச்சியில் ஒரு பார்வை மாடம். வெளிநாட்டு விருந்தினரை அழைத்துப்போய், 'பாருங்கள், எங்கள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்' என்று காட்டுவதற்கு அந்தக் காலத்தில் அதுதான் இடம். 1972இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் அங்கே ஏறிப் பார்த்தார். அங் மோ கியோவின் 259ஆம் புளோக் உருண்டையானது. மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ் விரித்திருக்கும். அறைகளுக்குள் வளைந்த சுவரில் அலமாரியைச் சேர்த்து வைக்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

புளோக்கின் அடியில் சுவரில்லாத கீழ்த்தளம் இருக்கிறது. தூண்கள் மட்டும் நிற்கும் அந்த வெற்றிடத்தில் மலாய்த் திருமணம் நடக்கும், சீனர் இறுதிச் சடங்கு நடக்கும், தமிழர் வீட்டு மரணத்திலும் நாற்காலிகள் அங்கேதான் அடுக்கப்படும். துக்கச் செய்தியில் 'இறுதிச் சடங்கு புளோக் இன்னதின் கீழ்த்தளத்தில்' என்று வரும். இந்த வரியை மொழிபெயர்க்க முயன்றவர்கள் உண்டு. 'தொகுதியின் கீழ்த்தளத்தில்' என்று ஒரு முறை அச்சாகியிருந்ததைப் பார்த்தேன். சிங்கப்பூரில் தொகுதி என்றால் தேர்தல் தொகுதி. ஒரு நாடாளுமன்றத் தொகுதி முழுவதற்கும் கீழே தளம் போட்டால் எப்படி இருக்கும்! 'கட்டடம்' என்று போட்டால் அது அலுவலகமாகவும் இருக்கலாம், வாகன நிறுத்துமிடமாகவும் இருக்கலாம். 'அடுக்ககம்' தமிழ்நாட்டில் நன்றாகப் புழங்குகிறது. இங்கே அதைக் கேட்டால் தனியார் கூட்டுரிமை வீட்டின் (காண்டோமினியம்) விளம்பரம்போல இருக்கிறது. புளோக் என்ற ஓரசைக்குள் எண், கீழ்த்தளம், மின்தூக்கி, மாடிப்படியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகும் ஆள் எல்லாம் இருக்கின்றன. வேற்றுமை உருபுகளையும் அது தயங்காமல் ஏற்கிறது: புளோக்கில், புளோக்குக்கு, புளோக்கிலிருந்து, எங்கள் புளோக்குக்காரர். இத்தனை உருபு ஏற்ற பிறகும் ஒரு சொல்லை அயலான் என்று நிறுத்திவைப்பது நியாயமில்லை.

சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவிந்துவிடாமல் இருக்க, ஒவ்வோர் அக்கம்பக்கத்துக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் இனவாரியாக ஓர் உச்சவரம்பு. 2010 மார்ச் முதல் இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்து அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. சீனர் சீனருக்கு விற்கலாம். வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைவதால் சிறுபான்மையினரின் வீடு விற்க நாளாகும், சில வேளைகளில் விலையும் குறையும். அரசே இதை ஒப்புக்கொண்டு, 2022 முதல் நெருக்கடியில் இருக்கும் சிலரது வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள வழி செய்திருக்கிறது. கொள்கை சரியா தவறா என்று என்னைக் கேட்டால், நான் வாங்கும் நாளில் சரி என்பேன், விற்கும் நாளில் யோசிப்பேன். என் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழர்களில் மூன்று இனமும் இருந்ததற்கு அந்த உச்சவரம்பு ஒரு காரணம் என்பதை மட்டும் மறைக்க முடியாது.

இனி என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரெஞ்சு மொழியில் 'ஒட்டுமொத்தமாக' என்பதைக் குறிக்கும் தொடர் ஒன்று உண்டு. அதன் பின்பாதி இதே மரத்துண்டுதான். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் பழைய கூட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்து மேம்பாட்டு நிறுவனத்துக்கு விற்பதை அந்தத் தொடரால் குறிப்பார்கள். தமிழ்ச் செய்தியில் 'கூட்டு விற்பனை'. பிரெஞ்சுக்காரர் அதன் முன்பாதியை மூக்கால் 'ஆன்' என்பார். சிங்கப்பூர்க்காரர்கள் மூக்கைத் தொந்தரவு செய்வதில்லை. 'என் புளோக்' என்கிறார்கள். சீனரும் மலாய்க்காரரும் ஆங்கிலேயரும் அறியாத ஒரு சிரிப்பு இங்கே தமிழருக்கு மட்டும் கிடைக்கிறது. 'என் புளோக் ஆகப்போகிறது' என்று ஒருவர் சொன்னால், அவருடைய புளோக் இனி அவருடையதாக இருக்கப்போவதில்லை என்று பொருள்.

சிரிப்புக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 1999 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் ஓர் உரிமையாளர் மறுத்தாலும் கூட்டு விற்பனை நின்றுவிடும். திருத்தத்துக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பில் உரிமைப் பங்கில் 80 விழுக்காடு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும். மறுத்த பெரியவர்களும் மூட்டை கட்டத்தான் வேண்டும். கழக வீடுகளிலும் இதற்கு உறவான ஒரு திட்டம் 1995இல் வந்தது. தேர்ந்தெடுத்த பழைய புளோக்குகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, குடியிருந்தோருக்கு இழப்பீடும் அருகிலேயே புதிய வீடு வாங்கும் வாய்ப்பும் தருவார்கள். அறிவிப்பு வந்த அன்று சில வீடுகளில் இனிப்பு வழங்கியிருக்கிறார்கள். சில வீடுகளில், மறைந்த கணவர் மாட்டிய ஆணியைச் சுவரிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று யோசித்திருக்கிறார்கள். ஒரே அறிவிப்பு.

மொத்தமாக என்ற பொருளில் அலுவலக உலகம் இந்தச் சொல்லை விடுப்புக்கும் வைத்திருக்கிறது. வங்கிகளில் பணத்தோடு நேரடியாகப் புழங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ச்சியாகச் சில நாள்கள் கட்டாயம் விடுப்பில் போக வேண்டும். அதுதான் 'புளோக் லீவு'. கனிவால் கொடுப்பது அன்று. அந்த நாள்களில் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். மறைத்து வைத்த கணக்கு ஏதும் இருந்தால் வெளியே வரும். இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் சிங்கப்பூர் அலுவலகத்தில் இருந்த நிக் லீசன் என்ற ஒரே ஊழியரால் கவிழ்ந்தது. வாங்கி விற்பதும் அவரே, கணக்கு முடிப்பதும் அவரே. 88888 என்ற கணக்கில் நட்டத்தை ஒளித்துவைத்தார், மொத்தம் 82.7 கோடி பவுண்டு. எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர் புளோக் லீவில் ஊருக்குப் போய் வந்ததும் முதலில் கேட்பது, 'ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே?' என்பதுதான். அவர் நேர்மையானவர், இருந்தாலும் கேட்பார்.

ரயில் பொறியாளர்களிடம் இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்தது நுழையக்கூடாது என்பது பழைய ஏற்பாடு. திரண்ட துண்டும் அதுவே, தடுப்பும் அதுவே. புதிய ஏற்பாட்டில் அந்தத் துண்டு தரையோடு பொருந்தி நிற்காமல், ஓடும் ரயிலைச் சூழ்ந்தபடி கூடவே நகர்கிறது. சிங்கப்பூரின் வடக்கு தெற்கு ரயில்பாதை 2017இலும் கிழக்கு மேற்குப் பாதை 2018இலும் இதற்கு மாறின. காலை நெரிசலில் அடுத்த ரயில் சீக்கிரம் வந்துவிடுகிறதென்றால் அந்த நகரும் புளோக்குக்கு அதில் பங்கு உண்டு.

தடுக்கும் பொருள் நம் வீட்டுக்குள் வரும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. 'அண்ணன் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார்' என்று உறவினர் ஒருவர் புலம்பினார். ஒற்றைக் குறியோடு செய்தி நிற்கிறது, முகப்புப் படம் தெரியவில்லை, கடைசியாக எப்போது வந்தார் என்பதும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றால் அதற்கு ஒரு தூதர் போவார், கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஊருக்கே தெரியும். இப்போது ஒரு விரல் தட்டலில் முடிகிறது. ஒதுக்கப்பட்டவருக்கே சந்தேகம்தான், உறுதியில்லை. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? தடுத்தல், மறித்தல், அடைத்தல், முடக்குதல், விலக்குதல், தள்ளிவைத்தல். குழாய்க்கு அடைப்பு, சாலைக்கு மறியல், கோட்டைக்கு முற்றுகை, காரியத்துக்குத் தடங்கல். எது எதனால் நிற்கிறது என்பதற்கேற்ப நம் முன்னோர் தனித்தனியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனையையும் தள்ளிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே 'பிளாக்' போடுவது வறுமை.

நெஞ்சு விஷயத்தில் அது வெறும் வறுமையோடு நிற்பதில்லை, குழப்பத்திலும் கொண்டுவிடும். நம்மவர்கள் 'ஹார்ட்டில் பிளாக்' என்றால் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருப்பதைச் சொல்கிறார்கள். மருத்துவர் அதே இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துச் சொன்னால் அது வேறு நோய். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்சைகை கீழறைக்குப் போய்ச் சேர்வதில் தாமதமோ தடையோ ஏற்படுவதுதான் அது. முதல் நிலையில் சைகை தாமதமாகச் சேரும், அவ்வளவுதான். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. மூன்றாம் நிலையில் எதுவுமே போய்ச் சேராது. துடிப்பை நடத்தித்தரும் கருவியை நெஞ்சில் பொருத்த வேண்டியிருக்கும். ஒன்று குழாய் வேலை, மற்றது மின் வேலை. பெரியவர் ஒருவரின் அறிக்கையில் முதல் நிலை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பலூன் வைக்க எவ்வளவு செலவாகும் என்று குடும்பமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். 'ரத்தக்குழாய் அடைப்பு', 'மின்சைகைத் தடை' என்று தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரவு அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

நெஞ்சைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜேம்ஸ் பிளாக், ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயரின் பிளாக் கறுப்பு நிறத்துப் பிளாக். 1946இல் மருத்துவம் முடித்தபோது கடன் நிறைய இருந்தது. அதை அடைக்க 1947இல் சிங்கப்பூருக்கு வந்து, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1950வரை பாடம் நடத்தினார். ஊர் திரும்பிய பிறகு இதய நோய்களைப் பற்றித் தலைகீழான ஒரு கேள்வி கேட்டார். இதயத்துக்குப் போகும் ஆக்சிஜனைக் கூட்டத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். அட்ரினலின் போய் உட்காரும் இடங்களை மறித்துவிட்டால் இதயம் பதற்றமில்லாமல் துடிக்கும். 1960களில் அவர் உருவாக்கிய புரொப்ரனலால் அந்த வகை மருந்துகளில் முன்னோடி. அந்த வகைக்குப் பெயர் பீட்டா பிளாக்கர். 1988இல் மருத்துவ நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார். பிளாக் கண்டுபிடித்த பிளாக்கர். ஆங்கிலேயருக்கு இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால்தான் மனிதரும் மருந்தும் ஒன்றாகிவிடுகிறார்கள். இங்கே அவர் கழகப் புளோக் எதிலும் குடியிருந்திருக்க முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்க இன்னும் பத்து ஆண்டு இருந்தது.

ஆக, நான் எழுதும்போது ஒரு வரைமுறை வைத்துக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பது புளோக், அதற்கு மாற்றுச் சொல் தேடமாட்டேன். தடுப்பது தடுப்பது, அதற்கு ஆங்கிலம் தேடமாட்டேன். தூய தமிழ் அன்பர்கள் முதல் பாதியைக் கண்டித்து எழுதுகிறார்கள். இளையவர்கள் இரண்டாம் பாதியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 'தடுத்துவிட்டேன்' என்று நான் சொன்னால் யாரையோ கதவருகே நின்று மறித்ததுபோல இருக்கிறதாம். சென்னையில் இருக்கும் என் தங்கையோ, நான் அனுப்பும் முகவரியில் 'புளோக்' என்பதைத் தவறாமல் 'பிளாக்' என்று திருத்தி எழுதித்தான் பொட்டலம் அனுப்புகிறாள். அண்ணனுக்கு எழுத்துப்பிழை வந்துவிட்டதென்று கவலை. நான் விட்டுவிட்டேன். 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில், கழகக் கட்டடங்களுக்குக் கடைசி மூன்று இலக்கமும் பெரும்பாலும் புளோக் எண்தான். தேக்கா நிலையம் பஃப்லோ சாலை 665ஆம் புளோக், அதன் குறியீடு 210665. எண் சரியாக இருந்தால் போதும். அவள் எப்படி எழுதினாலும் முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்கிறது.